கபடிக் களத்தில் வேதபாடம்: டெல்டா சபைகளின் வாலிபர் ஊழியத்துக்கு ஒரு கையேடு

விளையாட்டிலிருந்து விசுவாசத்தைப் பேசுவது புது யோசனை இல்லை. கொரிந்து பட்டணத்துக்கு அருகில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. வென்றவர்களுக்கு பைன் இலையிலோ காட்டுச் செலரி இலையிலோ முடி சூட்டினார்கள். சில நாளில் அது வாடிவிடும். பவுல் அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதும்போது அழிவுள்ள கிரீடம், அழிவில்லாத கிரீடம் என்று பேசியது அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்றைப் பிடித்துத்தான். தரங்கம்பாடி, பொறையாறு, மாயவரம், மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது கபடி. வடுவூர் மாதிரி ஊர்களில் அது அன்றாடப் பயிற்சி. 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் நாற்பது வயதைக் கடந்தும் ஆடிய தர்மராஜ் சேரலாதன் தஞ்சை மாவட்டத்துக்காரர். ஆகவே இங்கே பாடம் நடத்த வெளியிலிருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பாடம் ஆட்டத்தின் விதிக்குள்ளிருந்து வர வேண்டும். அரை மணி நேரம் ஆடவிட்டு, பிறகு உட்காரவைத்து அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு வசனத்தைச் சொன்னால், பிள்ளைகள் அதை ஆட்டத்துக்குக் கொடுக்கும் கட்டணமாகவே எடுத்துக்கொள்வார்கள். விதி சரியாகத் தெரிந்த ஒருவர் நடுவராகவும், வேதம் தெரிந்த ஒருவர் பாடம் சொல்பவராகவும் சேர்ந்து தயார் செய்தால்தான் இது நிற்கும். இரண்டும் ஒருவருக்கே தெரிந்திருந்தாலும் களத்தில் இரண்டு பேர் வேண்டும். விசில் ஊதுபவர் பிரசங்கமும் செய்தால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு அவுட்டும் ஒரு கண்டிப்பாகவே பிள்ளைகள் காதில் விழும்.

எந்தக் காலம், எந்த இடம்

சம்பா அறுவடை முடிந்த தை மாதக் கடைசியிலிருந்து, மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு தொடங்கும் ஆனி வரை நமக்குக் களம் கிடைக்கும். இதற்குள்ளேயே லெந்து காலமும் ஈஸ்டரும், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியும் வந்துவிடுகின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் தவக்காலமும் கோடை மறைக்கல்வி வகுப்பும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளிக் களத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அறுத்த வயல்தான் முதலில் கண்ணில் படும். அதில் இரண்டு ஆபத்து உண்டு. அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாள் ஈட்டிபோல் நிற்கும், வெறுங்காலைக் கிழிக்கும். மாசி கடந்தால் களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், அந்த வெடிப்பில் கணுக்கால் மாட்டினால் ஆள் நடக்க வாரக்கணக்காகும். வயல்தான் கிடைத்தது என்றால் ரோட்டவேட்டர் ஒருமுறை ஓட்டி, பரம்படித்து, நத்தை ஓடும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிய பிறகே இறங்க வேண்டும். ஆலய வளாகம், பள்ளி மைதானம், தென்னந்தோப்பின் ஓரம் இவை மேல். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கடற்கரை மணலில் ஆடலாம், ஆனால் உலர் மணலில் ரைடரின் (பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் தொடப் போகிறவரின்) கால் புதையும், பிடிப்பவருக்கே எல்லாம் சாதகமாகும். தண்ணீர் தெளித்து இறுக்கிக்கொள்ளுங்கள். கொள்ளிடம், காவிரி ஆற்றுப்படுகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது, தண்ணீர் திறந்துவிட்டால் ஓடிவர நேரமும் இருக்காது.

களம் போடுவது

ஆண்கள் போட்டிக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பிள்ளைகளுக்கு 11-க்கு 8 போதும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். சுவர், கொடிக்கம்பம், கல்லறைச் சிலுவை எதுவும் அந்த எல்லைக்குள் வரக்கூடாது.

மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க 30 மீட்டர் கயிறு ஒன்று எடுத்து, குறுக்கே எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 13.60 மீட்டர் வந்தால் களம் சரி. நடுக்கோடு இரண்டு பாதிக்கும் 5.5 மீட்டர் விடும். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பால்க் லைன் (ரைடர் ஒருமுறையாவது தாண்டவேண்டிய கோடு), அதிலிருந்து இன்னும் 1 மீட்டரில் போனஸ் லைன். இரு பக்க ஓரத்திலும் 1 மீட்டர் அகலத்துக்கு லாபி, அதாவது ரைடரும் தடுப்பவரும் தொட்டுக்கொண்ட பிறகே கால் வைக்கக்கூடிய பட்டை. கடைசிக் கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால், அவுட் ஆனவர்கள் உட்காரும் இடத்தையும் கோடு போட்டே காட்டுங்கள். பல ஊர்களில் இதை விட்டுவிடுகிறார்கள். அவுட் ஆனவன் மரத்தடியில் போய் நின்று பேசிக்கொண்டிருப்பான். நம் பாடங்களில் முக்கியமானது அந்த உட்காரும் இடத்தில்தான் நடக்கப்போகிறது, அதனால் அதை விடாதீர்கள்.

மண்ணை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி, சதுர மீட்டருக்கு ஒரு சட்டி வீதம் தேங்காய் நார்த்தூளோ மரத்தூளோ கலந்தால் விழுந்தாலும் அடி குறையும். உமி வேண்டாம், கண்ணில் பறக்கும், வியர்த்த உடம்பில் ஒட்டி அரிக்கும். முதல்நாள் மாலை இரண்டு பீப்பாய், சுமார் 400 லிட்டர் தண்ணீர் தெளித்துவிட்டால் காலையில் புழுதி எழாது. கோட்டுக்குச் சுண்ணாம்பு பயன்படுத்தாதீர்கள். முகம் மண்ணில் உரசும் ஆட்டம் இது, சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். வெள்ளைக் கோலமாவு 6 முதல் 8 கிலோ போதும். கயிற்றை ஆணியடித்துக் கோடாக்குவதும் தவறு, கால் தட்டும்.

ஆடுபவர்களைத் தயார் செய்வது

நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் கூடாது, ஆபரணம் கூடாது. இவை விதியிலேயே உள்ளவை. கழுத்துச் சிலுவைச் சங்கிலி, ஜெபமாலை, மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி ஒரு பெட்டியில் மரியாதையாக வைக்கச் சொல்லுங்கள். சிலுவையைக் கழற்றச் சொல்கிறார்களே என்று தயங்கும் பிள்ளைக்கு, பிடியில் சங்கிலி இறுகினால் தன் கழுத்தும் எதிராளியின் விரலும் அறுபடும் என்று காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

10 முதல் 13 வயதுவரை தொடுகபடி மட்டும். தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும், பிடித்து வீழ்த்துவது கிடையாது. 14 வயதுக்கு மேல், கொத்திய மண்ணில் மட்டும் பிடி. ஒரே அணியில் எடை வித்தியாசம் 10 கிலோவுக்கு மேல் போகாமல் பிரித்துக்கொள்வது நல்லது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனிக் களத்தில், பெண்பிள்ளைகளுக்கு ஒரு அக்கா நடுவராக. ஆஸ்துமா உள்ள பிள்ளை யார் என்று முன்பே கேட்டு, இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் தோல் உரியும் என்பதால் டெட்டனஸ் ஊசி போட்ட விவரத்தைப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும், அரைப் பொட்டலம் அரை லிட்டர் என்று கண்ணளவில் கலப்பது சரியில்லை. கத்திரி வெயிலில் காலை 6 முதல் 7.30, அல்லது மாலை 5-க்கு மேல்.

களத்துக்கு இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். வர வேண்டும். ஆனால் அவர்கள் பெற்றோரிடம் ஆட்டத்துக்குப் பிறகு வேதபாடம் உண்டு என்பதை முன்கூட்டியே நேரில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பாடம் வேண்டாம் என்று சொன்னால், ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை வெட்கப்படாமல் வீட்டுக்குப் போக வழி இருக்கட்டும். கபடியைத் தூண்டில் ஆக்குவது ஆட்டத்துக்கும் மரியாதை இல்லை, சுவிசேஷத்துக்கும் மரியாதை இல்லை.

அணி பிரிக்கும்போதே முதல் பாடம் தொடங்கிவிடுகிறது

டெல்டா கிராமங்களில் கபடி அணி என்றால் பெரும்பாலும் தெரு அணி. தெரு என்றால் சாதி. இந்தத் தெருப் பையன்கள் ஒரு பக்கம், அந்தத் தெருப் பையன்கள் மறுபக்கம் என்று தானாகவே நிற்பார்கள். அதை அப்படியே விட்டு ஆடவைத்து, முடிந்தபின் அன்பைப் பற்றிப் பேசினால் ஒரு வார்த்தையும் உள்ளே இறங்காது. சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் குலுக்குங்கள். போன வாரம் எதிராக நின்றவன் இந்த வாரம் கைகோர்த்து நிற்பான்.

கபடியில் தொடாமல் ஆட முடியாது. கணுக்காலைப் பிடிக்க வேண்டும், இடுப்பைக் கட்ட வேண்டும், வியர்வை வியர்வையோடு கலக்கும். இந்த மண்ணின் சபைச் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தரங்கம்பாடி மிஷன் காலத்திலேயே ஆலயத்துக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூர் சபையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எபேசியர் 2:14-ஐ அணி பிரித்து முடித்த கையோடு வாசியுங்கள்: ‘இருதிறத்தாரையும் ஒன்றாக்கி, பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து.’ விளக்கம் வேண்டாம். வாசித்துவிட்டு விசில் ஊதுங்கள்.

ஒரு பெற்றோர் வந்து, என் பையனை அந்த அணியில் போடாதீர்கள் என்று சொல்வது நடக்கும். சீட்டு மாறாது என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போனால் போகட்டும். இந்த ஒரு இடத்தில் வளைந்து கொடுத்தால், மீதிப் பாடங்கள் எதையும் நடத்தாமல் இருப்பதே நேர்மை.

ஒரு அமர்வின் அமைப்பு

மொத்தம் 90 நிமிடம். உடம்பைச் சூடாக்க 10, ஒரு திறனைப் பழக 15, ஆட்டம் பாதிக்கு 12 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் 5 நிமிட ஓய்வு. தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கியபின் 15 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பாடம். மீதி நேரம் கோடு அழிக்க, களம் சுத்தம் செய்ய. ஆட்டத்தை நடுவில் நிறுத்திப் பாடம் சொல்ல ஆசை வரும். ஒரு அமர்வில் ஒருமுறை மட்டும், ஒரு நிமிடத்துக்குள். அதற்கு மேல் நிறுத்தினால் உடம்பு ஆறிவிடும், சுளுக்கு வரும், பிள்ளைகளுக்கு எரிச்சலும் வரும்.

ஒரு அமர்வுக்கு ஒரு விதி, ஒரு வசனம். கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிடாதீர்கள்.

உட்காரும் இடத்தில் இருந்து உள்ளே வருவது

கபடியின் ஆழமான விதி இதுதான் என்பது எங்கள் எண்ணம். ஈஸ்டருக்கு அடுத்த வாரத்துக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

அவுட் ஆனவர் வெளியே போய் வரிசையாக உட்கார வேண்டும். அவர் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், வெளியே இருப்பவர்களில் முதலில் போனவர் உள்ளே வருவார். இரண்டு பேரை அவுட் ஆக்கினால் இரண்டு பேர் வருவார்கள். ரிவைவல் என்று இதற்குப் பெயர். உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், தன்னை உள்ளே கொண்டுவரத் தானாக ஒன்றும் செய்ய முடியாது. மன்னிப்புக் கேட்டாலும், நன்றாக ஆடுவேன் என்று சத்தியம் செய்தாலும் வழி இல்லை. உள்ளே உயிரோடு இருக்கும் ஒருவர் எதிர்க்களத்துக்குள் தனியாகப் போய் வென்று வந்தாலோ, உள்ளே இருப்பவர்கள் எதிரணி ரைடரைப் பிடித்தாலோதான் உண்டு.

பாடத்துக்கான ஏற்பாடு இப்படி. அன்றைய ஆட்டத்தில் உட்காரும் இடத்தை நடுவர் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது. ஸ்கோர் எழுதுபவர் ஒரு தனித் தாளில், யார் யாரால் உள்ளே வந்தார் என்று இரண்டு பெயராகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்து வட்டமாக உட்கார்ந்ததும் அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டே கேள்வி. ‘நீ அங்கே உட்கார்ந்திருந்தபோது என்ன செய்திருந்தால் உள்ளே வந்திருக்கலாம்?’ ‘உன்னை உள்ளே கொண்டுவந்தது யார்?’ இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பலருக்குத் தெரிந்திருக்காது. விசில் கேட்டதும் ஓடி வந்திருப்பார்கள், யாரால் என்று கவனித்திருக்கமாட்டார்கள். அப்போது தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். அவன் முகம் திரும்பி அந்த நண்பனைப் பார்க்கும். அந்த நேரத்தில் எபேசியர் 2:5: ‘அக்கிரமங்களில் மரித்தவர்களாயிருந்த நம்மைக் கிறிஸ்துவுடனேகூட உயிர்ப்பித்தார், கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள்.’

14 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இங்கே நிறுத்தாதீர்கள். விதியும் விசுவாசமும் பிரியும் இடத்தையும் காட்டுங்கள், அதில்தான் பாடத்தின் பாதி பலம் இருக்கிறது. கபடியில் பிடிபட்ட ரைடர் யாரையும் உயிர்ப்பிக்க மாட்டார். அவரே வெளியே போய் உட்கார வேண்டும். ரைடு போனவர்களில் தொட்டுவிட்டுத் தப்பித்துத் திரும்பியவர்தான் உயிர் கொடுப்பார். சிலுவையில் நடந்தது நேர்மாறு. பிடிபட்டவர், அடிபட்டவர், கொல்லப்பட்டவர் எவரோ, அவர்தான் மற்றவர்களை உயிர்ப்பிக்கிறார். இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். கேள்வி வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு வித்தியாசம்: ஆட்டத்தில் முதலில் வெளியே போனவர்தான் முதலில் வருவார். மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்துக்குக் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் வாதிடுவார்கள், இது அநியாயம் என்பார்கள். வாதிடவிடுங்கள். அந்த உவமையைக் கேட்ட முதல் ஆட்களும் அப்படித்தான் முறுமுறுத்திருப்பார்கள்.

போனஸ் புள்ளி: சிறிய பாடம்

எதிர்க்களத்தில் 6 பேராவது இருக்கும்போது, ரைடர் ஒரு காலைப் போனஸ் லைனுக்கு அப்பால் வைத்து, மற்றக் கால் தரையில் படாமல் இருந்தால் ஒரு புள்ளி. ஆனால் போனஸ் புள்ளிக்கு ரிவைவல் கிடையாது. ஸ்கோர் ஏறும், வெளியே உட்கார்ந்திருப்பவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ரிவைவல் பாடத்துக்கு அடுத்த வாரம் இதை ஒரு நிமிடத்தில் சொல்லலாம். 1 கொரிந்தியர் 13:3 போதும்: ‘அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை.’ திறமையைக் குறைத்துப் பேசாதீர்கள், போனஸ் எடுப்பது பெரிய கலை.

சங்கிலி

தடுப்பு அணியில் ஏழு பேர். இரண்டு ஓரத்திலும் கார்னர், அவர்களுக்குப் பக்கத்தில் இன், பிறகு கவர், நடுவில் சென்டர். இரண்டிரண்டு பேராகவோ மூன்று பேராகவோ கைகோர்த்து நிற்பதைச் சங்கிலி என்கிறோம். பழகவேண்டிய நுட்பம் கையை எப்படிக் கோர்ப்பது என்பது. விரலுக்குள் விரல் பின்னினால், ரைடர் மோதி இழுக்கும்போது விரல் மடங்கி முறியும். ஒருவர் உள்ளங்கையை மற்றவர் உள்ளங்கை மூடிப் பிடிக்க வேண்டும், அல்லது மணிக்கட்டைப் பற்ற வேண்டும். தேவைப்பட்ட நொடியில் விடவும் முடியும்.

பயிற்சி: ஒரு ரைடருக்கு எதிராக முதலில் ஒருவர் தனியாகத் தடுக்கட்டும், பிறகு இருவர் சங்கிலியாக, பிறகு மூவர். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரைடு. எத்தனை முறை பிடித்தார்கள் என்று பலகையில் எழுதுங்கள். பிரசங்கி 4:12-ஐ அந்த எண்களுக்குக் கீழே எழுதலாம்: ‘முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது.’ கத்தோலிக்கப் பங்குகளில் இது சபை உரையாளர் என்னும் நூலில் வரும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, சங்கிலியில் மூவரும் ஒரே நேரத்தில் பாய்வது. மூவரும் பாய்ந்தால் மூவரும் விழுவார்கள், ரைடர் மேலே தாண்டிப் போய்விடுவார். கார்னர் கணுக்காலைப் பிடித்த பிறகே கவர் நகர வேண்டும். முதலில் பிடித்தவரை நம்பித்தான் அடுத்தவர் இறங்குகிறார், பிடித்தவரும் அடுத்தவர் வருவார் என்று நம்பித்தான் தன் உடம்பைக் கொடுக்கிறார். யாராவது ஒருவர் வராமல் போனால் கணுக்காலைப் பிடித்தவர் இழுபட்டு முகத்தைத் தேய்ப்பார். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்ற கலாத்தியர் 6:2-ஐ அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. சங்கிலிப் பயிற்சி முடிந்த வாரம், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வேலை கொடுங்கள்: கோடைவிடுமுறையில் சபையில் யார் வீட்டில் சுகமில்லை, யார் வீட்டில் வேலைக்குக் கை குறைகிறது என்று கேட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும்.

பாட்டும் ஜெபமும்

நடுக்கோட்டைத் தாண்டுமுன் கபடி, கபடி என்று பாடத் தொடங்க வேண்டும். ஒரே மூச்சில், தெளிவாக, நடுவருக்குக் கேட்கும்படி. பாட்டு அறுந்தால், யாரும் தொடாவிட்டாலும் அவுட். ஒரு ரைடுக்கு 30 நொடி. புதிதாக ஆடும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே சத்தம் போட்டுக் கத்துவார்கள், பதினைந்து நொடியில் மூச்சு தீர்ந்துவிடும். தாழ்ந்த குரலில், நாக்கு நுனியில், ஒரே சீராகப் பாடப் பழக்குங்கள். முதலில் நின்றபடி, பிறகு நடந்தபடி, கடைசியில் பக்கவாட்டில் நகர்ந்தபடி. நடுவர் நொடி எண்ணட்டும்.

‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ என்ற 1 தெசலோனிக்கேயர் 5:17 இதற்குச் சரியாகப் பொருந்துகிறது: எதிரிகளின் களத்தில் தனியாக நிற்பவர் ஓடும்போதும் குனியும்போதும் ஏமாற்றும்போதும் பாட்டை விடுவதில்லை, வேறு வேலையை நிறுத்திவிட்டுப் பாடுவதும் இல்லை. ஜெபம் அப்படி வேலையோடு ஓடலாம் என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். எரிகோவுக்கு அருகே குருடன் கூப்பிட்ட ‘இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்’ என்ற வரி ஒரு மூச்சுக்குள் அடங்கும். பள்ளிக்கு நடக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொல்லப் பழகச் சொல்லலாம்.

இந்தப் பாடத்தில் இரண்டு தவறு மிகுதியாக நடக்கிறது. கபடி என்பதற்குப் பதிலாக அல்லேலூயா என்றோ இயேசு என்றோ பாடச் சொல்வது ஒன்று. விதிப்படி அது பாட்டே ஆகாது. அதைவிட, அந்த நாமம் விளையாட்டுச் சத்தமாகிவிடும், பிற மதத்துப் பிள்ளைகளின் வாயில் வலுக்கட்டாயமாகத் திணித்ததாகவும் ஆகும். இன்னொன்று, ஜெபம் அறுந்தால் தேவன் உன்னை அவுட் ஆக்கிவிடுவார் என்று பயமுறுத்துவது. சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை. மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ரோமர் 8:26-ஐ வாசியுங்கள். வார்த்தை தீர்ந்த இடத்தில் ‘ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்.’

தொட்டது எனக்கு மட்டும் தெரியும்

உடுப்பின் நுனி உரசினாலும் தொட்டதாகவே கணக்கு. அதைப் பல நேரம் நடுவரால் பார்க்க முடியாது. தொடப்பட்டவருக்கு மட்டும் தெரியும். ஆகவே கபடியில் உண்மை பேசுவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு ரைடிலும் வருகிறது.

நடுவர் இல்லாமல் பத்து நிமிடம் ஆடவையுங்கள். விதி ஒன்றுதான்: தொடப்பட்டவர் தானே கையுயர்த்தி வெளியே போக வேண்டும், யாரும் யாரையும் குற்றம் சாட்டக்கூடாது. முதல் சில நிமிடம் குழப்பமாக இருக்கும். பிறகு ஒருவன் கையுயர்த்துவான், ஆட்டத்தின் முகமே மாறும். பாடத்துக்குச் சங்கீதம் 15:4: ‘ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்.’ தொடங்கும்முன் எல்லாரும் கையுயர்த்துவோம் என்று வாக்குச் சொல்லவைத்தால் வசனம் அப்படியே பொருந்தும்.

உண்மை சொன்ன பிள்ளைக்கு ஊக்கப்புள்ளி கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள். வசனத்தில் நஷ்டம் என்று இருக்கிறது. புள்ளி கொடுத்தால் நஷ்டம் போய்விடும், உண்மை ஒரு வியாபாரமாகிவிடும். அந்த அணி தோற்றால் தோற்கட்டும், முடிந்ததும் நீங்கள் போய் அவன் கையைக் குலுக்குங்கள், போதும். மறைத்தவனையும் எல்லார் முன்னிலும் இழுக்காதீர்கள். அவனுக்குத் தெரியும். தனியே கேட்டால், பெரும்பாலும் அடுத்த வாரம் அவனே முதலில் கையுயர்த்துவான்.

செய்யக்கூடாதவை

எதிரணியைச் சாத்தான் என்றும் ரைடரை இயேசு என்றும் பாத்திரம் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பத்து நிமிடத்தில் சாத்தான் அணிப் பிள்ளைகள் மனம் நொந்து மோசமாகப் பிடிப்பார்கள், தள்ளுமுள்ளு ஆகும். எதிரில் நிற்பதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். ‘உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே’ என்ற நீதிமொழிகள் 24:17-ஐ வைத்து, பிடித்து வீழ்த்தியவரே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்று களத்து விதியாக்குங்கள்.

ஆட்டத்துக்கு முன் வெற்றிக்காக ஜெபிக்காதீர்கள். இரண்டு அணியும் ஜெபித்தால் தோற்ற அணி என்ன நினைக்கும்? காயமில்லாமல் ஆட, நேர்மையாக ஆட ஜெபியுங்கள். வசனம் மனப்பாடம் சொல்லாதவனுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடத் தண்டனை கொடுப்பதும் கூடாது. ஓட்டத்தையும் வசனத்தையும் ஒருசேர வெறுப்பான். வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவது, முடியையும் உடுப்பையும் பிடித்து இழுப்பது, காலைக் கத்தரிக்கோல் போட்டு மடக்குவது விதிப்படியே குற்றம், முதல் தடவையிலேயே எச்சரியுங்கள்.

ஆட முடியாத பிள்ளைகள், ஆட விரும்பாத பிள்ளைகள் இருப்பார்கள். நொடி எண்ணுவது, ஸ்கோர் எழுதுவது, உட்காரும் வரிசையைக் கவனிப்பது மூன்றும் உண்மையான பொறுப்புகள், ஒப்புக்குக் கொடுக்கும் வேலைகள் இல்லை. ரிவைவல் பாடத்துக்கான தாளை எழுதுபவர் இல்லாமல் அந்தப் பாடமே நடக்காது. அந்த வேலையைக் கவனம் குலையாத ஒரு பிள்ளையிடம் கொடுத்து, முந்தின வாரமே ஒருமுறை எழுதிப் பழகவையுங்கள்.

ஆனி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வயல் களங்கள் போய்விடும். ஆலயத்துப் பக்க மண்டபத்தில் தொடரலாம், ஆனால் சிமெண்டுத் தரையில் தொடுகபடி மட்டும்தான். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அங்கே பிடி வேண்டாம். வாடகைக்கு ரப்பர் பாய் கிடைத்தால் இணைப்புகளில் இடைவெளி இல்லாமல் பொருத்தி, ஓரங்களை டேப் ஒட்டி, காலில் மண் இல்லாமல் துடைத்த பிறகு இறங்கவிடுங்கள்.